பங்கர் என்று சொல்லிவிட்டேன்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை மலரில் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தேன்; அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. ஆனால் மலராசிரியர் ஹவுன்ஸ்லோவில் பல் வைத்தியர். என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

“அண்ணை, நீங்கள் ரிட்டயர் பண்ணியாச்சுத்தானே. ராடருக்குத் தெரியாத பிளேன் ஓட்டின கதையை எழுதித் தாங்கோ. சனம் ஆவெண்டு வாசிக்கும்.”

வாயில் குழாய் இருந்ததால் நானும் ஆவென்றுதான் கிடந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த நாடு, எந்தப் போர், எந்தத் தளம் என்றெல்லாம் எழுத முடியாது. கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். வீரத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் பயந்த பிறவி. வீட்டைப் பூட்டிவிட்டு டிராம் நிறுத்தம் வரை நடந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள். அப்படிப்பட்டவனிடம் வான்படை தன்னுடைய மிக விலைகூடிய விமானத்தைக் கொடுத்து, தனியாகப் போய்வா என்றது. அதில் இரண்டாவது இருக்கை கிடையாது. பூட்டினேனா என்று கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

பயிற்சிக் காலத்தை ஒரு பந்தியில் முடிக்கிறேன். பன்னிரண்டு வயதில் அம்மாவும் நானும் உயிர் மிச்சமாகி, ஜெர்மனி வழியாக லண்டனில் மிச்சத்துக்கு வந்தோம். ஊரின் பெயரே அதுதான் என்று மாமா சொன்னபோது பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அங்கே ஒரு மண்டபத்தில் வான்படைச் சிறுவர் பிரிவு கூடும். அங்கே ஹீட்டர் இருந்தது, பிஸ்கட் கொடுத்தார்கள். எங்கள் பிளாட்டில் அப்போது இரண்டும் இல்லை. பிஸ்கட்டில் தொடங்கியது பல்கலைக்கழகம், பறப்புப் பள்ளி, சண்டை விமானம் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாதுகாப்பு விசாரணைக்கு வந்த அதிகாரி மட்டும் கொஞ்சம் களைத்துப்போனார். வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று கேட்டார். ஸ்காபரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று தொடங்கினேன். பெரியம்மாவின் இரண்டாவது மகளுக்கு வருவதற்குள் அவருக்குத் தேநீர் தேவைப்பட்டது.

அம்மாவுக்கு மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு மேலால் போன எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பெயர்தான்: பொம்மர். குண்டு போட்டாலும் பொம்மர், போடாமல் போனாலும் பொம்மர். ஊரில் யாருக்கும் கேட்பதற்கு முன் அம்மாவுக்குக் கேட்கும். முதலில் கை நின்றுவிடும். தேங்காய் துருவினாலும் உடுப்புக் காயப்போட்டாலும் கை அந்தரத்தில் நிற்கும். தலை ஒரு பக்கம் சரியும். அதற்குப் பிறகுதான் “ஓடு” என்ற சொல் வரும். அந்த அம்மாவிடம் போய், நானும் அதைத்தான் ஓட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வானத்தில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானம் ஓட்டுவதாகச் சொல்லிவைத்தேன். ஹவுன்ஸ்லோவில் பெற்றோல் செட் வைத்திருக்கும் மாமாவுக்குப் பெரிய சந்தோஷம்.

“பாத்தியே மருமோன், சுத்திச் சுத்திக் கடைசியில எங்கட தொழிலுக்குத்தான் வந்திருக்கிறாய். மேல லீற்றர் என்ன விலை போகுது?”

ராடருக்குத் தெரியாது என்பது பத்திரிகைக்காரர் சொல்வது. தெரியும், குறைவாகத் தெரியும். எதிரியின் ஒவ்வொரு ராடரையும் சுற்றி நம் திரையில் ஒரு வட்டம் வரும். முகத்தைக் காட்டிப் போனால் வட்டம் சின்னது, விலாவைக் காட்டினால் பெரியது. கடிநாய் கட்டியிருக்கும் வீடுகளுக்கு நடுவே ஒழுங்கையில் நடப்பதுபோல. கயிறு எவ்வளவு நீளம் என்று திரை சொல்லும். கயிறு உக்கியிருக்கிறதா என்று சொல்லாது. குண்டு விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும். அதைப் போட வயிற்றுக் கதவைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் சில விநாடிகளுக்கு நாங்களும் எல்லோரையும் போலத்தான். நாய்க்கு நன்றாகத் தெரிவோம்.

சமாதான காலத்தில் இந்த விமானத்தின் உடம்பில் நாலு சின்னக் குமிழ்கள் பூட்டியிருக்கும். சாதாரண விமான நிலையங்களின் ராடரில் எங்களைத் தெரியவைப்பதற்காக அவை. போருக்குப் போகும்போது தரைப்பணியாளர் அவற்றைக் கழற்றி, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து விமானிக்குக் காட்டுவார். நான் எண்ணுவேன். திரும்ப எண்ணுவேன். அவர் பொறுமையாக நிற்பார். பிறகு இருவர் டோர்ச் லைட் பிடித்து விமானத்தின் தோலைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கீறல் போதும், ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். ஏறுவதற்கு முன் சப்பாத்துக்கு மேல் உறை போடவேண்டும். கோயிலுக்குள் போகும்போதுகூட நான் அவ்வளவு பக்தியாகக் காலை வைத்ததில்லை.

தலைக்கவசம் இன்னொரு தொல்லை. அதை என் தலையை அளந்து எனக்கென்றே செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு குனிந்தால் விமானத்தின் தரை தெரியாது; உடம்பெங்கும் உள்ள கமராக்களின் உதவியால் நேரே பூமி தெரியும். உயரத்துக்குப் பயந்தவனுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் தலைமுடியின் அளவு மாறினால் கவசம் பொருந்தாது. அம்மாவோ, நான் சுகமாகத் திரும்பி வந்தால் விம்பிள்டன் கோயிலில் எனக்கு மொட்டை அடிப்பதாக ஒவ்வொரு பயணத்துக்கும் நேர்ந்துகொள்வார். கடவுளுக்கும் வான்படைக்கும் நடுவே என் முடி வருடக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாக் கடனும் ஒன்றாகத் தீர்ந்தது. இந்த மலரில் என் படத்தைப் பார்ப்பவர்கள் அதை வயது என்று நினைக்கவேண்டாம்.

எங்கள் அணித் தலைவர் மெரிடித், வேல்ஸ்காரர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஆபத்துக் கூடக் கூட அவர் குரல் குறையும். உணவறையில் முழங்குவார், எதிரியின் வட்டத்துக்குப் பக்கத்தில் போனால் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்போலப் பேசுவார். இரண்டாவது, பிழையான சொல்லை யாராவது சொன்னால் ஒரு விரலை உயர்த்துவார். திட்டமாட்டார், திருத்தவும் மாட்டார். சரியான சொல் வரும்வரை விரல் அப்படியே நிற்கும்; தேநீர் ஆறும். “வானத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான்” என்பார். அந்தச் சொற்களில் அவர் மிகவும் மதித்தது ‘அபோர்ட்’. கைவிடு என்று பொருள். அதை யார் சொன்னாலும், நேற்று வந்தவன் சொன்னாலும், எல்லோரும் உடனே கைவிடவேண்டும். ஏன் என்ற கேள்வி தரையில் இறங்கிய பிறகுதான்.

அன்று காலை நாங்கள் இரண்டு விமானங்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு சிற்றூரின் ஓரத்தில் தனித்த வீடு. அதன் பின்வளவில், மண்ணுக்குள், ஏவுகணைக்காரரின் கட்டளை நிலையம் ஒன்று இருக்கலாம் என்று தகவல். என் வேலை கமராவால் பார்த்துச் சொல்வது. மெரிடித்தின் வேலை, நான் சொல்வது தகவலோடு பொருந்தினால், குண்டைப் போடுவது. பொருந்துகிறதா என்று தீர்மானிப்பவர் வெகுதொலைவில் இருந்த ஒரு கட்டுப்பாட்டாளர். பெண் குரல், இளவயது. மிகவும் மரியாதையான ஆங்கிலம்.

கமராவில் வீடு தெரிந்தது. பின்வளவில் ஒரு கொடி, அதில் உடுப்பு. ஒரு பெண் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கு அப்பால் மண்மேடு. அது ‘ட’ எழுத்துப்போல ஒரு மூலையில் மடிந்திருந்தது.

அவளுடைய கை நின்றது.

தலை சரிந்ததா என்று அந்த உயரத்திலிருந்து தெரியாது. கை அந்தரத்தில் நின்றது தெரிந்தது. இந்த விமானம் ராடருக்குத்தான் ஊமை, காதுக்கு அல்ல. எத்தனையோ கோடி செலவழித்து எதிரியின் கருவிகளுக்கெல்லாம் ஒளித்துக் கொண்டுவந்த எங்களை, ஈர உடுப்போடு நின்ற ஒருத்தி கேட்டுவிட்டாள். மறுகணம் ஓடினாள். வீட்டுக்குள்ளிருந்து இன்னும் மூன்று உருவங்கள் ஓடிவந்தன. ஒன்று பெரியது, இரண்டு சின்னவை. எல்லோரும் அந்த மண்மேட்டின் வாய்க்குள் போனார்கள். கடைசியாக இறங்கப்போனவள் திரும்பி வீட்டுக்குள் ஓடி, எதையோ எடுத்துக்கொண்டு, மறுபடி ஓடிவந்து இறங்கினாள்.

“பின்வளவில் என்ன தெரிகிறது, தயவுசெய்து விவரியுங்கள்” என்றது மரியாதைக் குரல்.

“பங்கர்” என்றேன். “ஆட்கள் ஓடிப்போய்ப் பங்கருக்குள் இறங்குகிறார்கள். அது பங்கர்தான்.”

இதை வாசிக்கும் உங்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று விளங்கும். செய்தித்தாள்கள் பதுங்குகுழி என்று எழுதின. வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பங்கர் என்றால் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஒளிக்கிற கிடங்கு. பங்கர் என்றால் பிள்ளைகள், பாய், தண்ணீர்ப் போத்தல், விசுக்கோத்துத் தகரப்பேணி. அதற்குள் குந்தியிருந்துதான் நான் பதின்மூன்றாம் வாய்ப்பாடு பாடமாக்கினேன். இன்றைக்கும் பதின்மூன்றால் பெருக்கும்போது மண் மணக்கும். ஆகவே பங்கர் என்று சொன்னதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

“நன்றி. பங்கர் உறுதி” என்றது குரல்.

எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. புரிந்துகொண்டார்கள், இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

அப்போது மெரிடித்தின் குரல் வந்தது. அவ்வளவு மெல்லிய குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. “போகிறேன்.”

குண்டு போட இறங்குகிறவர் சொல்லும் சொல் அது. முதலில் எனக்கு அந்தக் குரலின் மென்மைதான் உறைத்தது. ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்? அதற்குப் பிறகுதான் சொல் உறைத்தது. இந்தத் தொழிலில் பங்கர் என்றால் எதிரி மண்ணும் கொங்கிறீட்டும் போட்டு அரண்செய்த சண்டை நிலை. கண்டால் அடிக்கவேண்டியது. ஆட்கள் ஓடிப்போய் அதற்குள் இறங்கினால், அவர்கள் சண்டைக்காரர்கள். நான் அவர்களைக் காப்பாற்றவில்லை. காட்டிக்கொடுத்திருந்தேன், அதுவும் மூன்று தடவை.

“அபோர்ட், அபோர்ட், அபோர்ட்!”

நடுவில் “ஐயோ” என்ற சொல்லும் இருந்தது என்பது பிறகு ஒலிப்பதிவில் தெரியவந்தது.

மெரிடித்தின் விமானத்தின் வயிற்றுக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது. என் திரையில் ஒரு வட்டம் சட்டென்று பருத்து அவர்மேல் படிந்தது. ஒரு நாய் எழுந்துவிட்டது. அவர் கதவை மூடினார், திரும்பினார், விமானத்தின் மூக்கைக் கீழே குத்தினார். என் காதில் எச்சரிக்கை ஒலி. கீழே இருந்த நாலு பேரையும் தப்பவிட்டு, மேலே இருந்தவரைக் கொன்றுவிட்டேனா என்று நினைத்தேன். வட்டம் மெல்லச் சுருங்கியது. எச்சரிக்கை ஒலி நின்றது.

“வீட்டுக்குப் போவோம்” என்றார். குரல் கொஞ்சம் உரத்திருந்தது. அதைக் கேட்டுத்தான் ஆபத்து நீங்கியது என்று தெரிந்துகொண்டேன்.

தரையில், அறைக்குள், நாங்கள் இருவரும் மட்டும். அவர் தேநீர் ஊற்றினார். ஒலிப்பதிவை ஓடவிட்டார். ‘அது பங்கர்தான்’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“பங்கர் என்று நீதான் சொன்னாய், பரம்.”

பரமேஸ்வரன் என்ற பெயரில் அவர்களால் அவ்வளவுதான் முடியும்.

“ஓம்” என்றேன். பிறகு ஆங்கிலத்தில் ஆம் என்றேன்.

“பிறகு நீயே அடிக்கவேண்டாம் என்றாய்.”

“ஆம், சேர்.”

விரல் உயர்ந்தது. நான் சரியான சொல்லைத் தேடினேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கின்றன; அந்த நேரம் ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய் வெள்ளைப்பலகையில் ‘ட’ எழுதினேன். எங்கள் மொழியின் எழுத்து ஒன்று அந்தப் பலகையில் ஏறியது அதுவே முதலும் கடைசியும்.

“இந்த மூலைக்காகத்தான் இப்படி வெட்டுவது. குண்டு வாசலில் விழுந்தால் சிதறுகிற துண்டுகள் நேரேதான் போகும், மூலை திரும்பாது. பிள்ளைகளைத் திரும்பிய பக்கத்தில் இருத்துவார்கள். வீட்டுக்குக் கிட்டவாக வெட்டுவார்கள், ஏனென்றால் அடுப்பை அணைக்க மறந்துவிட்டு யாராவது திரும்பி ஓடுவார்கள். சண்டைக்காரனுக்கு அடுப்பு இல்லை.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“அதற்குள் வளர்ந்தேன், சேர்.”

விரல் இன்னும் இறங்கவில்லை. அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதற்குள் இருந்தபோது, மேலே வந்தவர்களை என்னவென்று சொன்னீர்கள்?”

“பொம்மர்.”

“இது பொம்மர் அல்ல. இது பல்பணித் தாக்குதல்...” என்று பழக்கத்தில் தொடங்கினார். முடிக்கவில்லை. உயர்ந்திருந்த விரல் தன்னுடையது என்பதை அப்போதுதான் கண்டவர்போல, அதை மடக்கிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை எல்லா விமானிகளையும் கூப்பிட்டு உணவறைக் குரலில் சொன்னார். இனிமேல் அது என்ன என்று யாரும் சொல்லவேண்டாம். அதற்குள் யார் போனார்கள், என்ன கொண்டுபோனார்கள் என்று சொல்லுங்கள். என் பெயரை எடுக்கவில்லை. ‘ஐயோ’ என்றால் என்ன என்று மட்டும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள்.

அந்த வீட்டைப் பற்றிப் படங்களை ஆராய்கிறவர்களிடம் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர், அது ஒரு குடும்பம் என்றார்கள். ஒருவர் நிச்சயமில்லை என்றார். நிச்சயமாகும்வரை அந்த வீட்டைத் தொடவேண்டாம் என்று முடிவாயிற்று. பத்து நாட்களில் எங்கள் அணியை மாற்றினார்கள். எங்களுக்குப் பிறகு வேறு ஆட்கள், வேறு விமானங்கள், வேறு சொற்கள். நிச்சயமாயிற்றா, எந்தப் பக்கம் நிச்சயமாயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். கேட்கக்கூடாது என்றார்கள்.

விடுமுறையில் மிச்சத்துக்கு வந்தேன். அம்மா சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அதை வேறு யாரிடமும் கேட்கமுடியாது.

“அம்மா, அந்த நாளில பொம்மர் வந்தால் பங்கருக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தனாங்கள்?”

“இப்ப என்னத்துக்கு உது?”

“ஒரு பெடியன் சொன்னவன். என்னோட வேலை செய்யிறவன், பொம்மர்க்காரன். ஒரு இடத்தில சனம் பங்கருக்குள்ள ஓடினதைக் கண்டிட்டு, குண்டைப் போடாமல் திரும்பி வந்திட்டானாம்.”

“நீ பெற்றோல் குடுக்கப் போன இடத்திலயோ?”

“ஓம்.”

அம்மா கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டார்.

“போன உடன வெளிய வரமாட்டம். சில நேரம் திரும்பி வரும். அது தூரத்துக்குப் போற சத்தம் கேக்கவேணும். கேட்டாப்போல நான் முதல் ஏறுவன், பிறகு உன்னைத் தூக்குவன்.”

“சத்தம் கேக்காட்டில்?”

“அதென்ன கேக்காத பொம்மர்?” என்றார். கையில் இருந்த கத்தி நின்றது. தலை கொஞ்சம் சரிந்தது. வெளியே டிராம்கூடப் போகவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னைத்தான்.

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

“தம்பி.”

“ம்.”

“அந்தச் சனம் பிறகு வெளிய வந்ததோ?”

“நான் பாக்கேல்லை, அம்மா. திரும்பி வர வேண்டியதாப் போச்சு.”

பெடியன் பாக்கேல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொற்களோடு எனக்கு எப்போதும் இந்தக் கரைச்சல்தான். அம்மா விரல் உயர்த்தவில்லை. அடுத்த கத்தரிக்காயை எடுத்து, காம்பை வெட்டினார்.

“அப்ப வந்திருப்பினம்” என்றார். “நீ போனால் வருவினம்தானே.”